மடியில் வைத்த கை

கைக்குட்டையை நடுவில் வைத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது என்று ஆவுடையக்கா கண்டுபிடித்திருந்தாள். உலகம்மையின் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, அதன்மேல் இடது கையைப் படியவைத்து, இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக் கைக்குட்டையைச் செருகிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற எந்தப் பெண்ணும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். விரல்கள் சுருண்டு கிடப்பதோ, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டிருப்பதோ தெரியவில்லை. "என்னலே, எப்படி இருக்கு?" என்றாள் அக்கா. வாசலை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த குற்றாலிங்கம் "ம்" என்றார். கொஞ்ச காலமாக அவரிடமிருந்து வருவதெல்லாம் இந்த "ம்"தான். துக்கமா என்று கேட்டால் துக்கம் இல்லை. துக்கம் என்றால் எங்கேயாவது வலிக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல அவரும் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். கன்னம் இருக்கிறது, தொடுகிற விரல் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போன ஒருவன் இப்படியா இருப்பான் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியும் எங்கேயும் போய்த் தைப்பதில்லை. அடுப்பில் ரவை நெய்யில் வறுபடும் வாசனை வந்தது. உலகம்மை உடுத்தியிருந்த அரக்குப் பட்டிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. தலையில் பிச்சிப்பூ. காலையில் அக்கா தலை குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, சிக்கெடுத்து, கொண்டை போட்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் மிகச் சரியாக நடுவில் இருந்தது. வாய் மட்டும் லேசாக இடது பக்கம் இழுத்திருந்தது. அதற்கும் அக்கா வழி வைத்திருந்தாள். நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுவிட்டாள். முகத்தில் வெளிச்சம் விழாது.

இதை அவர் கேட்கவில்லை. போனில் அவர் சொன்னது, "உலகம்மையைப் பாக்க வாராங்கக்கா, வியாழக்கிழமை" என்பது மட்டும்தான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பூவோடும் நெய்யோடும் அக்கா வந்து இறங்கியபோதுதான், அந்தச் சொல்லை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஒரு பெண்ணைப் பார்க்க வருகிறார்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அக்காவின் ரத்தத்தில் இருக்கிறது. வீட்டைக் கழுவினாள். திரைச்சீலையை மாற்றினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த மலச்சட்டியையும், கம்பவுண்டர் கொடுத்த ரப்பர் விரிப்பையும் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். "வாரவுக கண்ணுல இதெல்லாமா படணும்?" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா, வருகிறவர் கண்ணில் படவேண்டியதே அதுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் "ம்" வந்தது. உலகம்மையும் ஒத்துழைத்தாள். பட்டுச்சேலையை எடுத்ததும் அவள் கண் அதிலேயே இருந்தது. சேலை கட்டும்போது இடது கையை அவளாகவே தூக்கிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாளில் அப்படி அவளாக எதற்கும் கை கொடுத்ததில்லை. அதைப் பார்த்தபிறகு எப்படி வேண்டாம் என்பது? பார்க்காமலிருந்தால் சொல்லியிருப்பாரா? அதுவும் தெரியவில்லை. குற்றாலிங்கத்தின் பிழைப்பே பார்க்கப் போவதுதான். கடைத்தெருவில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா, முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே ஒரு கடையிலிருந்து மறு கடைக்குச் சேதி போய்விடும். மேஜைக்கு அடியிலிருக்கும் கல் மேலே வரும், மேலே இருந்த கல் சாக்குக்குள் போகும். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுப்பார். மேஜைமேல் இருக்கிற கல்லைத்தான் எடைபோட்டுப் பார்க்க முடியும். அது சரியாக இருக்கும். சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வருவார். இப்போது அவர் வீட்டில் மேஜைமேல் நல்ல கல்லை எடுத்து வைத்தாகிவிட்டது. ஜீப் வரவேண்டியதுதான் பாக்கி.

வருகிறவர் பெயர் ஜெபராணி. வெளி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இயன்முறை மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறவராம். பக்கவாதத்துக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிகள் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று கணக்குக் காட்டினால் போதாது, மூன்று மாதம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்று அரசாங்கத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் இனி ஆஸ்பத்திரிக்குத் தரம். அதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணியபோது குற்றாலிங்கம் மருந்து வாங்கப் போயிருந்தார். பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்கா போனை எடுத்தாள். "பேஷண்ட் எப்படி இருக்காங்கம்மா?" "நல்லாருக்கா தாயி, கடவுள் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல." யார் கேட்டாலும் அக்கா அதைத்தான் சொல்லுவாள். தெருவில் கேட்டாலும் அதுதான், கோயிலில் கேட்டாலும் அதுதான். நோயாளி காதுபடக் குறை சொன்னால் அது அவள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மீண்டு வந்தவர்களுக்குப் பாராட்டு விழா, உலகம்மை மேடையில் உட்கார வேண்டும், கார் அனுப்புகிறோம். அவர் அதைப் படித்து மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுந்து உலகம்மைக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் குழுவுக்கு மனு எழுதினார். கோபத்தில் எழுதியதாக அவருக்கு நினைவு இல்லை. தவறான எடை பதிவாகியிருக்கிறது, திருத்த வேண்டும் என்கிற மாதிரிதான் எழுதினார். இவள் குணமானவர்கள் கணக்கில் இருக்கிற வரைக்கும் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை அல்லவா? வந்தாள், குணமானாள். அந்த மனுவுக்காக இன்றைக்குக் குழுவிலிருந்து வருகிற அம்மாளும் பார்த்துவிட்டுக் குணமானாள் என்றே எழுதிவிட்டால் முடிந்தது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு ஆள் பேசினான். "சார், டீம்ல இருந்து வந்தா நல்லபடியா சொல்லுங்க சார். உங்களை நாங்க வெளியாளா நினைக்கல, நம்ம ஃபேமிலி மாதிரி." குற்றாலிங்கம் "சரி" என்றார். எதற்குச் "சரி" என்று போனை வைத்தபிறகு யோசித்தார். வாய்க்கு அது பழக்கம். மனு எழுதின கையும் சரி என்ற வாயும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

உலகம்மை விழுந்த அன்றைக்கும் அந்த வாய் பழக்கத்தைத்தான் சொன்னது. அங்கேதான் மனம் போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. கிணற்றில் வாளி இறக்கும்போது சுவரில் ஒரு கல்லில் தட்டுமே, எத்தனை முறை இறக்கினாலும் அதே கல்லில் தட்டும். உடனே வாருங்கள், நடந்தே வீடு திரும்புங்கள் என்று நாலுவழிச்சாலையில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். சேலைக்கட்டோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டே நடந்து வருகிற படம். உடனே போனார்கள். தோசைச்சட்டியின் முன்னால் உலகம்மை சரிந்த உடனே, அடுப்பைக்கூட அணைக்காமல், எதிர்வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். போனதும் டிராலியில் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். பிறகு டிராலியை நடைகூடத்தில் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, சீக்கிரம் போட்டால்தான் பலன், போகப்போகப் போடவே முடியாது என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் காத்திருக்க வேண்டும் என்பதுதான். அவர் காத்திருந்தார். அடுத்த டிராலிக்காரர்கள் கத்தினார்கள். ஒரு ஆள் கண்ணாடிக் கதவை உதைத்தான். அவன் அப்பா கிடந்த டிராலி உள்ளே போனது. உலகம்மையின் வலது கை டிராலியின் ஓரத்தில் வழுக்கித் தொங்கியது, அவர் எடுத்து வைத்தார், மறுபடி வழுக்கியது, மறுபடி எடுத்து வைத்தார். பக்கத்தில் ஆள் நிற்கிற எடை எந்திரம் ஒன்று இருந்தது. அவர் அதன் முத்திரையைப் பார்த்தார். காலாவதி ஆகியிருந்தது. இதற்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று நினைத்தார். உள்ளே ரத்தம் போகாமல் அவள் மூளை கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்தபோது அவர் அதைத்தான் நினைத்தார். அதைத்தான், அந்த முத்திரையைத்தான். அந்த வழியாகப் போன நர்ஸ் நின்று, "எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "பரவாயில்லை சிஸ்டர்" என்றார். கண்ணாடிக் கதவை உதைத்த ஆளின் செருப்பு அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது, வார் அறுந்து ஊக்கு போட்டிருந்த செருப்பு. அந்த ஆளின் அப்பா இப்போது எப்படி இருப்பார்? நடந்துகொண்டிருப்பாரோ என்னவோ. அப்படியானால் தான் அந்த ஆஸ்பத்திரியை எதற்காகக் கணக்குக் கேட்கிறோம்? அவர்களைக் கேட்கிறோமா, அந்தப் பரவாயில்லையைக் கேட்கிறோமா? கேட்கவேண்டியது இரண்டையும்தான் என்று ஒரு சமயம் தோன்றும். நோயாளியோடு வருகிறவன் கதவை உதைத்தால்தான் வைத்தியம் நடக்கும் என்றால் கதவை உதைக்கத் தெரியாதவன் பெண்டாட்டி என்ன ஆவாள் என்று தோன்றும். மனுவில் அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டார். உத்தியோகத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை.

"ஏலே, சட்டையை மாத்துன்னேனே, பனியனோடயா உக்காந்திருப்ப? ஒன்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே இப்படித்தான் காலர் மடங்கின சட்டையோட வந்தான்" என்று அக்கா உலகம்மையைப் பார்த்துச் சொன்னாள். உலகம்மை வாயின் இடது பக்கத்தால் சிரித்தாள். அல்லது சிரிக்க முயன்றாள். அந்த நாளைப் பற்றி அக்கா சொல்லாத ஆள் கிடையாது. வாடகைக் காரில் போகும்போதே அக்கா திட்டம் சொல்லிவிட்டாள். "நான் தண்ணி கேப்பேன். கொண்டாரப்ப நடையப் பாத்துக்கிடுதேன். பேரு கேப்பேன், வாய் திறந்து சொன்னா திக்குதா என்னன்னு தெரிஞ்சிரும்." அதுபோலவே கேட்டாள். உலகம்மை செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நடை நேராக இருந்தது. "உன் பேரு என்னம்மா?" என்றாள் அக்கா. "ஜாதகத்துலயே எழுதியிருக்கே மதினி" என்றாள் உலகம்மை. எதுவும் நிச்சயமாகாத வீட்டில் மதினி என்றுவிட்டாள். அவளுடைய அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. அக்கா அந்த இடத்திலேயே தலையிலிருந்த பூவை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டாள். இப்போது வலது பக்கம் மேஜை, அடுத்து பீரோ, அடுத்து ஜன்னல் கம்பி என்று அக்கா சாமான்களை நகர்த்தி வைத்திருப்பதை அவர் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்தால் திரும்பின உடனே இடது கைக்கு ஒரு பிடி, ரெண்டு எட்டு வைத்தால் இன்னொரு பிடி. நடையில் குற்றம் இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்றைக்குப் போனவள்தான் இன்றைக்கு நடையில் குற்றம் தெரியாமல் இருக்க மேஜையைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். எது எங்கே கண்ணில் படும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து மறுபடி முக்காலியிலேயே உட்கார்ந்தார். சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். இவளால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறார், ஸ்கூட்டரில் சொல்லிப் பார்த்திருக்கிறார், மருந்துக் கடை வரிசையில் உதடு அசையச் சொல்லி முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். அவள் முன்னால் மட்டும் சொன்னதில்லை. அவள் முன்னால் அவர் சொல்வது வேறு. இன்னைக்குத் தேவல, நேத்தைக்கு இன்னைக்கு விரல் நல்லா அசையுது, தை மாசத்துல நீ கோயிலுக்கே நடந்து வந்துருவ. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். சொல்வதெல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பதில்தான் வராது. புரியுமென்றால் எவ்வளவு புரியும்? அவர் சொல்லுகிற பொய் புரியுமா? அதனால் அவருடைய திட்டம் இதுதான். அந்த அம்மா பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வழியனுப்ப வாசல் கேட்டு வரை போவது. அங்கே, வேப்பமரத்துக்குக் கீழே, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. உள்ளே நல்ல கல், வெளியே சரியான எடை. அவளுக்குப் பேச்சு போனது அவருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்பது அவருக்கே ஆச்சரியம். அவர் தேடுவது அவளுடைய ஒரு பார்வையை. யாராவது வந்திருக்கும்போது அவர் தேவையில்லாத உண்மை எதையாவது ஆரம்பித்தால், இமையைப் பாதி இறக்கி ஒரே ஒரு விநாடி அவரைப் பார்ப்பாள். வேண்டாம் என்று அர்த்தம். வாடகை பாக்கி, அவள் தம்பியின் குடி, பிள்ளையில்லாத குறை, எந்தப் பேச்சாக இருந்தாலும் அந்தப் பார்வை விழுந்ததும் அவர் வெயில், மழை என்று திருப்பிவிடுவார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதே அந்தப் பாஷையில்தான் என்று இப்போது தோன்றுகிறது. விழுந்த நாளிலிருந்து அந்தப் பார்வை இல்லை. கண் திறந்திருக்கும், அவர்மேல் இருக்கும், சுவர்மேல் இருப்பது மாதிரி இருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஜெபராணி நாற்பது தாண்டிய, ஒல்லியான பெண். தோளில் துணிப்பை. "வணக்கம்மா, உட்காருங்க, எந்திரிக்க வேண்டாம்" என்று உலகம்மையைப் பார்த்துச் சொன்னபடியே எதிரே அக்கா போட்டுவைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "வாங்க, வெயில்ல வந்திருக்கீக. காப்பியா, மோரா?" என்றாள் அக்கா. "ஒண்ணும் வேண்டாங்க. கொஞ்சம் தண்ணி மட்டும்." தண்ணீர் என்றதும் அக்காவின் கண் தன்னை அறியாமல் உலகம்மை பக்கம் போய்த் திரும்பியதைக் குற்றாலிங்கம் பார்த்தார். அக்காவே கொண்டுவந்தாள், கேசரியும் சேர்த்து. ஜெபராணி கேசரியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பேரு என்னம்மா?" என்றாள். "உலகம்மை" என்றாள் அக்கா. "அவங்களே சொல்லட்டுமே." உலகம்மை வாயைத் திறந்தாள். "உ" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "உ" என்றாள் மறுபடி. சாலையில் ஒரு லாரி போகிறவரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். அடுத்த எழுத்து எங்கேயோ கிடந்தது. ஜாதகத்துலயே எழுதியிருக்கே மதினி. அந்த வாக்கியம் எங்கே போயிருக்கும், அது இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "புது ஆளுல்லா, கூச்சப்படுதா" என்று அக்கா சிரித்தாள். ஜெபராணியும் சிரித்தாள். "சாப்பாடெல்லாம்?" "நல்லா சாப்பிடுதா." "கையாலயா?" "பின்ன கையாலதான்." யார் கையால் என்று அந்த அம்மா கேட்கவில்லை. "தலை சீவுறது, சேலை கட்டுறது?" "பாக்கீங்கள்லா, எப்படி இருக்கான்னு." கேள்வி மேல் கேள்வியாக மேஜையில் கல் வைக்கப்பட்டது, ஒவ்வொன்றும் சரியாக நின்றது. குற்றாலிங்கம் வேடிக்கை பார்க்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா?" என்று ஜெபராணி கேட்டதும் அக்கா பக்கத்தில் போய் நின்றாள், ஆனால் தொடவில்லை. உலகம்மை இடது கையை ஊன்றி எழுந்தாள். பட்டின் கொசுவம் விரிந்தது. மேஜை, பீரோ, ஜன்னல் கம்பி. வலது கால் பின்னால் தேய்ந்து வந்தது, சேலைக் கரை அதை மூடியிருந்தது. திரும்பும்போது ஒரு முறை தள்ளாடினாள், கம்பியைப் பிடித்துவிட்டாள். இடது கையைக் குறுக்கே நீட்டி, மறுபடி பீரோ, மேஜை, நாற்காலி. உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது. காலையிலிருந்து இதை எத்தனை முறை பழகியிருப்பார்கள்? அவர் குளிக்கப் போயிருந்தபோதா? அவரிடம் இந்த நடையை அவள் காட்டியதே இல்லை. அவரிடம் தோளில் சாய்ந்துதான் வருவாள். "நல்லா நடக்கிறாங்களே" என்றாள் ஜெபராணி. அக்கா முகம் பூரித்துவிட்டது. உலகம்மையின் முகத்திலும் ஏதோ இருந்தது. நல்லா நடக்கிறாங்களே என்பது பேப்பரில் ஏறும்போது நாலுவழிச்சாலைப் பலகையில் இருக்கிற பெண்ணாகிவிடும். மகிழ்ச்சியாக இருக்கலாமே என்று ஒரு நினைப்பும் வந்தது. நடந்தாள்தானே?

"சார், மனு போட்டது நீங்கதானே? வந்ததுலேருந்து நீங்க ஒண்ணுமே சொல்லலியே." அவர் "ம்" என்றார். எழுந்து, வாசல் கேட்டு வரை வாருங்கள் என்று சைகையாகவாவது காட்டலாம் என்று பார்த்தால் இடது கால் மரத்துப்போயிருந்தது. முக்காலி குட்டை. தொடைக்குக் கீழே யாருடைய காலோ இருந்தது. ஊன்றினால் விழுந்துவிடுவார். வெளியே போய்ப் பேசலாம் என்று வாயால் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்வதும் எல்லாவற்றையும் சொல்வதும் ஒன்றுதான். வெளியே போய்ப் பேசவேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஜெபராணி பையை மூடவில்லை. "நான் பாக்குறதை எழுதுவேன் சார். கூட இருக்கிறவங்க சொல்றதையும் எழுதுவேன். சொல்லாததை எழுத முடியாது. ஒரே ஒரு கேள்வி கேக்கிறேன். இவங்களை வீட்டுல தனியா விட்டுட்டு, நீங்க ஒரு நாள் வெளியூர் போயிட்டு வர முடியுமா?" பின்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் உலகம்மையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இமை பாதி இறங்கியது. ஒரே ஒரு விநாடி. இமையின் வளைவு, அதற்குக் கீழே கருவிழியின் அந்த அழுத்தம், எல்லாம் அதேதான். வேண்டாம். அவ்வளவுதான். அவள் உள்ளே இருந்தாள். முழுதாக, குறையில்லாமல், வீட்டுக்காரியாக, விருந்தாளி முன்னால் தன் வீட்டு மானத்தைப் பார்த்துக்கொள்கிறவளாக இருந்தாள். இவ்வளவு நாளாக அவர் துடைத்தும் திருப்பிப் படுக்கவைத்தும் கொண்டிருந்த உடம்புக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதோ வந்துவிட்டாளே. வந்தவள் கேட்பது இது ஒன்றுதான். வெயில் கடுமையாயிருக்கு, மழை வரும்போலிருக்கு என்று சொல்லிவிட்டால் போதும். முடியும் மேடம், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன் என்று சொல்லிவிட்டால் போதும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் போதும். பரவாயில்லை சிஸ்டர். நடைகூடத்தில் டிராலியின் ஓரத்தில் கை வழுக்கியது, எடுத்து வைத்தார், வழுக்கியது. அந்த நடைகூடத்தில் இந்நேரம் யாராவது எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"முடியாது" என்றார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை, அதுவும் கத்தவில்லை, கடையில் குறிப்பெழுதும் உதவியாளருக்குச் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. "ஒரு நேரம்கூட முடியாது. சாப்பாடு நான் ஊட்டணும். தண்ணி ஸ்பூன்ல கொடுக்கணும், இல்லன்னா புரையேறும். கக்கூஸுக்குப் போக முடியாது, படுக்கையிலதான், நான்தான் கழுவிவிடுறேன். இப்ப நடந்தது இந்த மேஜை, பீரோவைப் பிடிச்சு நடந்தது. இது காலையில நகர்த்தி வச்சது. சேலை அக்கா கட்டிவிட்டது. அந்தக் கை அசையாது, கைக்குட்டையை எடுத்துப் பாருங்க. பேரு சொல்ல வராது. கூச்சமில்ல. ராத்திரி அழும்போது எதுக்கு அழுறான்னு கேட்டா சொல்ல வராது." "ஏலே" என்றாள் அக்கா. "போதும்லே." "டிஸ்சார்ஜ் பண்ணும்போதும் இப்படித்தான் இருந்தா. நல்ல முன்னேற்றம்னு எழுதியிருந்தாங்க. அன்னைக்குப் போனதும் ஊசி போட்டிருந்தா வேற மாதிரி இருந்திருப்பாளான்னு எனக்குத் தெரியாது. அதை அவங்ககிட்டதான் கேக்கணும். போடல. நடைகூடத்துல போட்டுட்டுப் போயிட்டாங்க." ஜெபராணி எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, உலகம்மையின் பக்கத்தில் மண்டியிட்டு, "கோச்சுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். இடது கையை விலக்கினாள். சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அவை மறுபடி சுருண்டன. கையை விட்டதும் அது மடியிலிருந்து வழுக்கி நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கியது. உலகம்மை யாரையும் பார்க்கவில்லை. "இதெல்லாம் அறிக்கையில வரும் சார்" என்று சொல்லிவிட்டு ஜெபராணி கும்பிட்டாள். அக்கா பதிலுக்குக் கும்பிட மறந்து நின்றாள். செருப்புப் போடுகிற சத்தம், கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம்.

அக்கா கேசரித் தட்டைக் குனிந்து எடுத்தாள். "கோர்ட்டுல எதிர்க்கட்சிக்காரன் பேசுற மாதிரிப் பேசிட்டியேலே. அவ முன்னாலயா?" என்றாள். தட்டோடு அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரம் ஒன்றை வேகமாக வைக்கிற சத்தம் கேட்டது. சரியாகத்தான் சொன்னேன் என்று குற்றாலிங்கம் நினைத்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதியாகிவிட்டது, இனி அவர்கள் பதில் சொல்ல வேண்டும், மேடையில் அவள் உட்கார மாட்டாள், கணக்கில் ஒருத்தி குறைவாள். நினைத்தது நடந்துவிட்டது. உள்ளே தொட்டுப் பார்த்தார். காலில் ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியிருந்தது, ரத்தம் திரும்பி வருகிறது. சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே போய், உலகம்மைக்கு எதிரே, ஜெபராணி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை அந்தப் பார்வை விழுமா என்று பார்த்தார். திட்டுவதாக இருந்தாலும் சரி. "உலகு" என்றார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். இடது கை மெதுவாகக் கீழே போயிற்று. தொங்கிக்கொண்டிருந்த வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி மடியில் வைத்தது. அது வழுக்கியது. மறுபடி பிடித்து, முழங்கையால் இடுப்போடு அணைத்து, வைத்தது. அவர் எடுத்து வைக்கப் போய்க் கையை நீட்டினார், அவள் தோள் அந்தப் பக்கம் திரும்பியது. நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். தரையில் கிடந்த கைக்குட்டையைக் குனிந்து எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. அதைச் சுருண்ட விரல்களின்மேல் போட்டு, ஓரங்களை இழுத்து நேராக்கி, அதன்மேல் இடது கையைப் படியவைத்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, வாயின் கோணல் தெரியாதபடி முகத்தை நிழலில் வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை நேராகப் பார்த்தாள்.